அப்பாவின் கடிகாரம் நடந்த தூரம்

ஒருவர் நன்றாக இருக்கிறார் என்பதை இன்னொருவர் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டப்ளினிலிருந்து போன் செய்து நீ கேட்டது ஏறக்குறைய இந்தக் கேள்விதான். "அப்பா நல்லா இருக்காருன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? பாத்தா தெரியுமா?" என்றாய். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று சனிக்கிழமை, இப்போதும் தெரியவில்லை. இத்தனை வருடமாக நெய்யாற்றின்கரையில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெப்பத்தை எதை வைத்து அளப்பது, அழுத்தத்தை எதை வைத்து அளப்பது என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். தினமும் எதிரே உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்கிற மனிதர் நன்றாக இருக்கிறாரா என்று அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வகுப்பில் மலையாளம் பேசிப் பழகிய நான் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஓய்வுநாள் பள்ளியில் நீ படித்த தமிழ் இதை வாசிக்கப் போதும் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அந்த வீடுகளில் யாராவது இதை வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீ போனில் சொன்னதை இங்கே ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். அன்று நான்கு மணியை ஒட்டி அப்பாவின் நெஞ்சுத் துடிப்பு கொஞ்ச நேரம் ஒழுங்கில்லாமல் இருந்ததாக, நீ வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரம் உன் போனுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறது. நீ பயந்திருந்தாய். பயந்தால் உன் குரல் தணிந்துவிடும், சின்ன வயதிலும் அப்படித்தான். "ஞாயித்துக்கெழம சபையில அறுப்பின் பண்டிகை இல்லியா அம்மா. அப்பா ஏலம் விளிக்கக் கூடாது. மத்தியானம் வர தொண்ட கிழிய நிக்க வேண்டிய வேலையாக்கும் அது. நீ எப்பிடியாவது நிறுத்து" என்றாய். என்ன சொல்லி நிறுத்துவது என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது. நெஞ்சு காரியம் மட்டும் சொல்லாண்டாம். சொன்னா வாட்சக் கழத்தி எறிஞ்சிருவாரு. சனிக்கெழமைக்குள்ள அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்லன்னா நான் டிக்கெட் எடுத்து வாறேன்." உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, இப்போது விடுப்புக் கேட்டால் என்ன ஆகும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பாக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அம்மாவின் வழக்கமான நிதானம் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். அது நிதானம் இல்லை. நான்கு மணி என்று நீ சொன்ன இடத்திலேயே என் யோசனை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு அந்தக் கடிகாரம் வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் நீ அதை அப்பாவின் கையில் கட்டியபோது அவர் கையை நீட்டி, தூக்கி, திருப்பிப் பார்த்தார். "மாட்டுக்கு மணி கெட்டிவிட்ட மாதிரி இருக்கு. எங்க மேயுதுன்னு பாக்கவாக்கும் இது" என்றார். நீ சிரித்துக்கொண்டே, தூக்கம், நடை, துடிப்பு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினாய். நான் அதைக் கழற்றி அடிப்பக்கத்தில் எரியும் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தேன். தோலுக்குள் போகும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்து ரத்தத்தின் ஓட்டத்தை ஊகிக்கும் கருவி. ஊகிக்கும் என்பதுதான் சரியான சொல் என்றேன். "நீ எதையும் நம்ப மாட்ட" என்று நீ கோபித்தாய். அது சரியில்லை. நான் நம்புவதற்கு முன்னால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். பப்பாளி இலைச் சாறு எல்லா நோய்க்கும் ஆகும் என்று சபை வாட்ஸ்அப்பில் வரும்போதும் நேரம் எடுத்துக்கொள்கிறேன். சிட்டிச் சீட்டில் போடும் பணத்தை எடுத்துப் பங்குச் சந்தைத் திட்டத்தில் போடு, நீண்ட காலத்தில் ஏறத்தான் செய்யும் என்று நீ சொல்லும்போதும் எடுத்துக்கொள்கிறேன். நீண்ட காலம் என்பது உன் வயதில் ஒரு நீளம், என் வயதில் வேறு நீளம். சிட்டி நடத்துகிறவர் கடைவீதியில் என் முகத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், உன் திட்டத்துக்கு முகம் இல்லை. இது விஞ்ஞானம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதுதான் என் அபிப்பிராயம்.

நீ அயர்லாந்துக்குப் போவதற்கு முந்தைய அறுப்பின் பண்டிகை நினைவிருக்கிறதா? காலையில் உன் போன் மழை வரும் என்றது. காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் போடும் இடத்தில் பந்தல் போட வேண்டும் என்று நீ சபைக் கமிட்டியில் போய் நின்றாய். நான் வானத்தைப் பார்த்து, வராது என்றேன். மத்தியானம் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது தரை நனையாத அளவுக்கு ஒரு தூறல் விழுந்து நின்றுவிட்டது. நீயும் ஜெயித்ததாகச் சொன்னாய், நானும் ஜெயித்ததாகச் சொன்னேன். அப்பா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்க வீட்டுல ரெண்டு விஞ்ஞானி உண்டு. ரெண்டு பேரும் சொன்னது நடந்தாச்சி. இனி இந்தப் பூசணிக்காய யாரு கொண்டு போறது?" என்றார். சபையே சிரித்தது. பிறகு உன் சித்தப்பாவையும் அவருடைய மச்சினனையும் ஒருவர்மேல் ஒருவராக ஏற்றிவிட்டு, "எலே, மச்சினன் கேட்டாச்சி, நீ கையக் கெட்டி நிக்கியா? வீட்டுக்குப் போனா உனக்குச் சோறு உண்டா?" என்று கேட்டே அந்தப் பூசணிக்காயை ஒரு மூட்டை அரிசியின் விலைக்குக் கொண்டுபோய் விட்டார். ஒரு காய்க்கு அந்த விலை அறிவுகெட்டது என்றாய் நீ. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் அங்கே விற்பது காய் இல்லை. வருடத்துக்கு ஒரு நாள் ஒவ்வொருவரும் எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கி, நான் நன்றாக இருக்கிறேன் என்று காட்டிக்கொள்கிறார்கள். வருடம் முழுவதும் ஆணியும் பெயிண்டும் விற்கும் உன் அப்பாவுக்கு, மைக்கைப் பிடித்து ஊரை ஆட்டிவைக்கும் அந்த ஒரு காலைவேளை எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். அதைத்தான் நீ காரணம் சொல்லாமல் நிறுத்தச் சொன்னாய்.

கடிகாரத்துக்கு வருகிறேன். நீ டப்ளினுக்குத் திரும்பிய சில வாரங்களில் உன் செய்திகள் வரத் தொடங்கின. அப்பா இன்று நடக்கவில்லை. அப்பா நேற்றும் நடக்கவில்லை. ஒருநாள் அவர் ஸ்கூட்டரில் எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போய் வந்ததையும் போனில் பார்த்துவிட்டு, "எதுக்கு அப்பா தமிழ்நாட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டாய். நம் ஊரில் பாதிப் பேர் எதற்குப் போகிறார்களோ அதற்குத்தான். "பெட்ரோல் அங்க கொறவு மக்கா. நீ அங்க இருந்துட்டு எனக்க டாங்கையும் பாக்கியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் போனை வைத்த பிறகு கடிகாரத்தைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன்மேல் கோபம் இல்லை. மகன் அக்கறையாக இருக்கிறான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் உதியன்குளங்கரைக் கடையில் காலை முதல் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருக்கும் மனிதர் எங்கே போய் நடப்பார்? உன்னை வருத்தப்படுத்தவும் அவருக்கு மனமில்லை, நடக்கவும் நேரமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவர் தன் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார். "நீயானா நாள் முழுக்க நிக்கவும் நடக்கவும் செய்வ. இது உனக்க கையில கிடக்கட்டு. அவனுக்கு சந்தோசமா இருக்கும்" என்றார். இது ஏமாற்று என்றேன். "கல்யாணத்துல போதகர் என்ன சொன்னாரு? ரெண்டு பேரும் இனி ஒண்ணுதான்னு சொல்லல்லியா? பின்ன நீ நடந்தா என்ன, நான் நடந்தா என்ன?" என்றார். அன்று சாயங்காலம், "அப்பா, சூப்பர்" என்று நீ அனுப்பியிருந்தாய். அதை அவர் கடையில் ஆணி வாங்க வந்தவருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு வேலைநாட்களில் அது என் கையில்தான் இருந்தது. வகுப்பில் சத்தம் போடக் கூடாது என்பதற்காக அதன் ஒலியையும் அதிர்வையும் நான்தான் நிறுத்தி வைத்தேன். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, அவருடைய போனோடு அது சேர்ந்ததும் அன்றைய கணக்கு முழுவதும் உனக்கு வந்துவிடும். முன்பெல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர் ஸ்கூட்டரில் என்னை வீடுவரை கொண்டுவிடுவார். இப்போது கடை வாசலிலேயே நின்று, "நடந்தே போ, அவனுக்குக் கணக்கு கூடட்டு" என்று கையைக் காட்டுவார். குளத்தூர் பக்கம் திரும்பும் அந்த ஏற்றத்தில் நான் உனக்காக நடந்தேன்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. எண்களில் பொருந்தாததைக் கண்டுபிடிப்பதுதான் உனக்கு அங்கே சம்பளம் தரும் வேலை. அப்பாவின் போன் நாள் முழுவதும் கடையிலேயே இருக்கிறது, அப்பாவின் கை மட்டும் நெய்யாற்றின்கரை வரை போய் நடந்துவிட்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நடப்பதே இல்லை. நீ இதையெல்லாம் பார்த்தும் பார்க்கவில்லை. நீ பார்க்க விரும்பியது, அப்பா மாறிவிட்டார் என்பதை. அது தெரிந்ததும் மேற்கொண்டு பார்க்கவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பது இதற்கு அடுத்ததை வாசித்தால் புரியும்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு அந்தக் கடிகாரம் என் கையில் இருந்தது. நீ பார்த்தது என் நெஞ்சை.

போனில் நீ நான்கு மணி என்று சொன்னதும் எனக்கு அது தெரிந்துவிட்டது. எந்திரம் தவறாகச் சொல்லியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. ஏனென்றால் அன்று அந்த ஏற்றத்தின் பாதியில், மூடிக்கிடந்த காப்பிக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ அடைபட்ட பறவை மாதிரி படபடத்தது. நான்கைந்து துடிப்பு ஓடும், ஒன்று நிற்கும், பிறகு மறுபடி ஓடும். வலி இல்லை. கை கொஞ்சம் குளிர்ந்திருந்தது. அந்த வழியாகப் போன பெண்ணொருத்தி, "டீச்சரே, என்ன இங்க இருக்கிய?" என்று கேட்டாள். செருப்பில் கல் என்றேன். அடங்கியதும் எழுந்து நடந்தேன். இது முதல் தடவை இல்லை. ஓணத்துக்கு முன்பிருந்தே உண்டு. எனக்கு ஐம்பது நெருங்குகிறது, இந்த வயதில் பெண்களுக்கு உடம்பில் என்னவெல்லாமோ மாறும், படபடப்பும் அதில் ஒன்று என்று படித்திருக்கிறேன். படித்தது பொய்யில்லை. ஆனால் அதைப் படித்த இடத்திலேயே, வேறு காரணமும் இருக்கலாம், காட்டிக்கொள்வது நல்லது என்று அடுத்த வரி இருந்தது. அந்த வரியை நான் வாசிக்காததுபோல் கடந்தேன். ஒரு மாணவி பரிசோதனையில் தனக்கு வேண்டிய அளவீட்டை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டால் நான் மதிப்பெண் தரமாட்டேன்.

செவ்வாயிலிருந்து இன்று மத்தியானம்வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா பண்டிகையை விட்டுவிடுவார், நீ டிக்கெட் எடுப்பாய், இருவரும் என்னைச் சுற்றி நிற்பீர்கள். யாரும் என்னைச் சுற்றி நிற்பது எனக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும். திங்கட்கிழமை விடுப்புப் போட்டுத் தனியாகக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்து, எல்லாம் சரி என்றால் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்குள் கடிகாரத்தையும் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தேன். "என்ன, நடந்து சலிச்சு மடுத்தாச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் பதிலில் நம்பிக்கை இல்லாமல் நீ நேற்று சபைச் செயலாளரைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஏலத்துக்கு வேறு ஆள் வையுங்கள் என்று சொல்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்று மத்தியானம் அவர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எனக்க மவன் எனக்க உடம்பு கேடாயிப் போச்சின்னு சபை முழுக்க அறிவிச்சாச்சி. செயலாளர் எனக்க தோளத் தொட்டு, அண்ணன் ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லுகாரு. எனக்கு என்ன கேடு? நீ சொல்லு. உனக்குத் தெரிஞ்சுதான இது?" என்றார். அவர் என்னிடம் குரல் உயர்த்துவது அபூர்வம். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, "இனி இது எனக்கு வேண்டாம். நாளைக்கு இதையும் ஏலத்துல வைக்கேன். யாருக்கு வேணுமோ எடுத்துட்டுப் போகட்டு" என்றார். உன்னைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார். டப்ளினில் நீ அப்போதுதான் எழுந்திருப்பாய். உங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கையிலிருந்து போனை வாங்கி மேசையில் வைத்தேன்.

"நெஞ்சுத் துடிப்பு சரியில்லன்னு வாட்ச் அவனுக்குக் காட்டிச்சு. அது உங்களுக்க துடிப்பு இல்ல" என்றேன்.

"பின்ன?"

"செவ்வாக்கெழம வாட்ச் எங்க இருந்துது?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். கோபம் முகத்திலிருந்து போகும் வேகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் என் கையை எடுத்து மணிக்கட்டில் விரலை வைத்தார். நாடி இருக்கும் பக்கம் அது இல்லை. மறுபக்கம் என்று நான் சொல்லவில்லை. தவறான இடத்தில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, ஏதோ கேட்பதுபோல் தலையைச் சாய்த்து வெகுநேரம் நின்றார். "ஓடுதே" என்றார். ஓடும் என்றேன். "நானாக்கும் உன்ன அந்த ஏத்தத்துல நடக்க வச்சது. வண்டிய வச்சிட்டு நடக்க வச்சேன்" என்றார். நடந்ததால் ஒன்றும் வராது, நடந்ததால்தான் தெரிந்தது என்று ஒரு ஆசிரியையின் குரலில் சொன்னேன். அவர் அதைக் கேட்கவில்லை. இப்போதே காரக்கோணம் போவோம் என்றார். இன்று மத்தியானத்துக்கு மேல் போனால் அவசரப் பிரிவில் உட்கார வேண்டும், இப்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நாளைக்கு உங்களுக்கு ஏலம் இருக்கிறது, திங்கட்கிழமை போவோம் என்றேன். "ஏலம் கெடக்கட்டு." கிடக்க முடியாது, நீங்கள் போகவில்லை என்றால் மவன் சொன்னது சரி, உங்களுக்குத்தான் கேடு என்று ஊர் எடுத்துக்கொள்ளும் என்றேன். அவருக்கு அது சுட்டது. எப்போதிருந்து என்று கேட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றேன். அவ்வளவு சொன்ன பிறகும் ஓணத்துக்கு முன்பிருந்தே என்பதை மட்டும் சொல்லவில்லை. திங்கட்கிழமை என்று ஒப்புக்கொண்டு, பூசணிக்காய்களை அடுக்க சபைக்குப் போயிருக்கிறார். போகும்போது கடிகாரத்தை எடுத்து என் கையில் கட்டிவிட்டு, மேசையில் கிடந்த தன் போனையும் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். உனக்கு இரண்டு வரி முதலில் அனுப்பிவிட்டேன்: டிக்கெட் எடுக்காதே, அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, விவரம் எழுதுகிறேன். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்பதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் முழுவதையும் சொல்லவும் இல்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களில் நான் தேர்ந்தவளாகிவிட்டேன் என்று எழுதும்போதுதான் தெரிகிறது. உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. கருவிகளை நம்பாதே என்று சொல்லமாட்டேன். இந்த வீட்டில் இந்த வாரம் உண்மை பேசியது அது ஒன்றுதான். ஆனால் அது யார் கையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, அதை நீதான் கேட்க வேண்டும். அப்பாவிடம் சொல்லாதே என்று என்னிடமும், என்னிடம் சொல்லாமல் செயலாளரிடமும் பேசினாய். நானும் அதையே செய்தேன். நம் மூன்று பேருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துத் தகவலை வெட்டிவிடுகிறோம். நாளை உனக்கென்று ஒருத்தி வருவாள். அவளிடம் எண்களைக் கேட்காதே, என்ன செய்கிறது என்று கேள். செருப்பில் கல் என்று அவள் சொன்னால் இன்னொரு முறை கேள். உடனே பதில் வராது. எனக்கு வரவில்லை.

இதை முடித்துவிட்டு இன்று அனுப்பலாமா, திங்கட்கிழமை டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது.

ஞாயிறு, சாயங்காலம்.

நேற்று இதை அனுப்பவில்லை. இன்று நடந்ததை எழுதி அனுப்புகிறேன்.

காலையில் நான் சபைக்குப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் உன் சித்தப்பாவின் கார் நின்றது, அப்பா ஓட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஏலத்துக்கு உடுக்கும் வெள்ளை வேட்டிதான் உடுத்திருந்தார். ஏறு என்றார். உதியன்குளங்கரையில் சபைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. "ஏலத்த செயலாளர் விளிப்பாரு. பூசணிக்கா வெல கொறையட்டு" என்றார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் உன் வயதுக்காரர், மலையாளத்தில் பேசினார். நெஞ்சில் ஒட்டி எடுத்த ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. இந்த நிமிடம் சரியாக இருக்கிறது என்பதால் எப்போதும் சரி என்று ஆகாது என்றார். நான் வகுப்பில் சொல்வதையே சொன்னார். எப்போதிருந்து என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, செவ்வாயிலிருந்து என்றார். நான், ஓணத்துக்கு முன்பிருந்தே என்றேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கையிலிருந்ததைக் கண்டு, இதில் பதிந்தது இருக்கிறதா, பார்க்க முடிந்தால் உதவும் என்றார் டாக்டர். அது உன்னிடம் இருந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது, நீ முதல் மணியிலேயே எடுத்தாய். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா, நெஞ்சு வலிக்குதா? எங்க இருக்கீங்க?" என்ற உன் குரல் அந்த அறை முழுவதும் கேட்டது.

"எனக்கில்ல மக்கா. அம்மைக்கு" என்றார்.

போன் துண்டித்துவிட்டதோ என்று அவர் திருப்பிப் பார்த்தார். பிறகு, "செவ்வாக்கெழமையா?" என்று மட்டும் கேட்டாய். ஆமாம் என்றேன். சில நிமிடங்களில் அந்த வரைபடத்தை அனுப்பினாய். ஆஸ்பத்திரியில் அதைத் தாளில் எடுத்தார்கள். டாக்டர் மேலே இருந்த பெயரையும் வயதையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். இது ஒரு ஆணுடையது, யாருடையது என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் மலையாளம் தவிர வேறு பேசாத உன் அப்பா, வீட்டுத் தமிழில் சொன்னார்: "பேரு எனக்கது டாக்டரே. நெஞ்சு அவளுக்கது."

டாக்டருக்குப் புரிந்தது. வரைபடத்தின்மேல் விரலை வைத்து மறுபடி பார்த்தார். சந்தேகப்பட இதில் காரணம் இருக்கிறது, ஒரு நாள் முழுவதும் கட்டிவைத்துப் பதியும் கருவி ஒன்று உண்டு, நாளைக் காலையில் வந்து அதைக் கட்டிக்கொள்ள வேண்டும், ரத்தமும் பார்க்க வேண்டும், மருந்து அதற்குப் பிறகு என்றார். பிறகு பேனாவை எடுத்து, தாளின் மேலே இருந்த உன் அப்பாவின் பெயரை அடித்தார். என்னிடம் பெயர் கேட்டு, அதன் பக்கத்தில் எழுதினார்.